சில்கானோ: கிளாஸ் உயரம், அளவு தெரிந்து குடியுங்கள்

பெருவில் வெயில் காலத்தில் பாருக்கு வந்து உட்காருகிறவர்கள் மெனுவைப் பார்க்காமலே கேட்கும் பானம் சில்கானோ. பிஸ்கோ என்கிற திராட்சைப் பிராந்தி, எலுமிச்சைச் சாறு, ஜிஞ்சர் ஏல் என்கிற இனிப்பு இஞ்சி சோடா, மேலே இரண்டு மூன்று சொட்டு ஆங்கோஸ்துரா பிட்டர்ஸ் என்கிற கசப்பு மூலிகைச் சாறு, கிளாஸ் நிறைய ஐஸ். அவ்வளவுதான். பிஸ்கோவில் செய்யும் இன்னொரு பானமான பிஸ்கோ சாவர் மாதிரி முட்டை வெள்ளைக்கருவைப் போட்டுக் குலுக்க வேண்டிய வேலை இல்லை, ஷேக்கரே தேவையில்லை, குடிக்கப் போகும் கிளாஸிலேயே கலந்து கொடுத்துவிடலாம்.

நான் கப்பல் பாரில் வேலை பார்க்கிறவன். தென் அமெரிக்காவின் மேற்குக் கரையோரமாகப் போகும் பயணங்களில், பெருவின் கய்யாவோ துறைமுகம் நெருங்க நெருங்க இதைக் கேட்கிறவர்கள் கூடிக்கொண்டே போவார்கள். அப்போது திரும்பத் திரும்ப ஒன்றைப் பார்க்கிறேன். விஸ்கி குடிக்கிறவர் தான் எத்தனை குடித்தோம் என்று கணக்கு வைத்துக்கொள்கிறார், சில்கானோ குடிக்கிறவர் வைத்துக்கொள்வதில்லை. இரவுச் சாப்பாட்டுக்கு முன்னாலேயே மூன்று முடித்துவிட்டு, "இன்னைக்கு லைட்டாத்தான் எடுக்கிறேன்" என்று சொல்கிறவர், எழுந்திருக்கும்போது மேசையின் விளிம்பைப் பிடித்துக்கொள்வார். அவர் பொய் சொல்லவில்லை. நாக்குக்கு அது உண்மையிலேயே லைட்டாகத்தான் இருந்தது. இனிப்பும் இஞ்சியும் புளிப்பும் குளிரும் சேர்ந்தால் ஆல்கஹாலின் காரம் கிட்டத்தட்ட மறைந்துவிடும், தாகத்துக்குக் குடிக்கிற வேகத்தில் உள்ளே போய்விடும்.

கணக்கைப் போட்டுப் பார்ப்போம். ஒரு சில்கானோவுக்கு வழக்கமான அளவு 60 மில்லி பிஸ்கோ. அது 42 சதவீதம் என்றால் அதில் சுத்தமான ஆல்கஹால் 25 மில்லிக்குச் சற்று அதிகம், எடையில் சுமார் 20 கிராம். 5 சதவீத பியர் 330 மில்லி பாட்டிலில் இருப்பது 13 கிராம். ஆக, கூல்டிரிங்க்ஸ் மாதிரி தெரியும் அந்த ஒரு கிளாஸ் ஒன்றரை பாட்டில் பியருக்குச் சமம். மூன்று கிளாஸ் என்றால் நாலரை பாட்டில். பியரை அப்படி வரிசையாக அடுக்கி வைத்தால் யாரும் "லைட்" என்று சொல்ல மாட்டார்கள்.

இன்னொரு சிக்கல், எல்லா பிஸ்கோவும் ஒரே வீரியம் இல்லை. பெருவின் விதிப்படி பிஸ்கோ 38 முதல் 48 சதவீதம் வரை இருக்கலாம். அங்கே வடித்த பிறகு தண்ணீர் சேர்க்கக் கூடாது, மரப்பீப்பாயில் வைக்கக் கூடாது, கண்ணாடி, ஸ்டெய்ன்லெஸ் ஸ்டீல் மாதிரி சுவை ஏற்றாத கலங்களில் குறைந்தது மூன்று மாதம் ஓய்வாக வைக்க வேண்டும். லிமா, இகா, அரேக்கிபா, மொக்கேகுவா, தாக்னா பகுதிகளில், அனுமதிக்கப்பட்ட எட்டு வகைத் திராட்சைகளில் செய்ததற்கு மட்டும்தான் அந்தப் பெயர். பக்கத்து நாடான சிலேயும் பிஸ்கோ தங்களுடையது என்கிறது, அங்கே 1931லேயே சட்டம் போட்டுவிட்டார்கள். ஆனால் அங்கத்திய விதிகள் வேறு: தண்ணீர் சேர்த்து வீரியத்தைக் குறைக்கலாம், மரத்தில் வைக்கலாம், 30 சதவீதத்திலிருந்தே பாட்டில்கள் கிடைக்கும். இதே 60 மில்லியில் 30 சதவீதப் பாட்டில் என்றால் 14 கிராம், 48 என்றால் கிட்டத்தட்ட 23. சுவையில் இந்த வித்தியாசத்தை ஜிஞ்சர் ஏல் பெருமளவு அழித்துவிடும், உடம்பில் அழிக்காது. அதனால் புதுப் பாட்டிலைத் திறக்கும்போது முதல் வேலையாக லேபிளில் அந்த எண்ணைப் பாருங்கள்.

சரி, எப்படிக் கலப்பது. 300 அல்லது 350 மில்லி பிடிக்கும் உயரமான கிளாஸ் எடுத்து விளிம்பு வரை ஐஸ் போடுங்கள். கஞ்சத்தனம் வேண்டாம். இரண்டு மூன்று கட்டிகள் மட்டும் போட்டால் அவை சீக்கிரம் கரைந்து பானம் தண்ணீராகிவிடும், நிறையப் போட்டால் ஒன்றையொன்று குளிர்ச்சியாக வைத்துக்கொண்டு மெதுவாகக் கரையும். அடுத்து 10 முதல் 15 மில்லி எலுமிச்சைச் சாறு, அப்போதே பிழிந்தது. பெருக்காரர்கள் இதற்குப் பயன்படுத்தும் சின்ன எலுமிச்சை நம் வீட்டு எலுமிச்சம்பழத்தின் இனமேதான், அதனால் நம்மூரில் செய்தால் இந்த ஒரு பொருளில் குறையே இருக்காது. ரொம்ப அழுத்திப் பிழியாதீர்கள், வெள்ளைத் தோலின் கசப்பு இறங்கிவிடும்.

பிஸ்கோவை ஜிக்கரில், அதாவது பாரில் மது அளக்கும் சின்னக் கிண்ணத்தில், அளந்து 60 மில்லி. இதைக் கொஞ்சம் வலியுறுத்திச் சொல்கிறேன், ஏனென்றால் வீட்டு விருந்துகளில் கைவாக்கில் ஊற்றுவதுதான் வழக்கம், ஐஸ் நிறைந்த உயரமான கிளாஸில் 60 மில்லியும் 90 மில்லியும் கண்ணுக்கு ஏறக்குறைய ஒரே மாதிரிதான் தெரியும். ஐஸின் இடுக்குகளில் இறங்கிவிடுவதால் மட்டம் காட்டிக்கொடுக்காது. ஜிக்கர் இல்லையென்றால் இருமல் மருந்தோடு வரும் அளவு மூடி போதும், அதில் மில்லிக் கோடு இருக்கும்.

ஜிஞ்சர் ஏல் நன்றாகக் குளிர்ந்திருக்க வேண்டும், ஏனென்றால் சூடான பானத்தில் வாயு நிற்காது. கிளாஸைச் சாய்த்து ஓரமாக 120 முதல் 150 மில்லி வரை ஊற்றி, பார் ஸ்பூனை அடி வரை விட்டு ஒரே ஒரு தடவை மேலே தூக்கினால் போதும், அதற்கு மேல் கலக்கினால் நுரைத்து அடங்கிவிடும். கடைசியாக பிட்டர்ஸ் சொட்டுகளை மேலே விடுங்கள். செந்நிறமாக ஐஸ் வழியே மெல்ல இழையோடிக் கீழே இறங்கும், முதல் வாய் குடிக்கும்போது கிராம்பு மாதிரி ஒரு வாசம் மூக்குக்கு வரும். பாட்டில் ஜிஞ்சர் ஏல் இனிப்பு அதிகம் என்று நினைக்கிறவர்கள், நசுக்கிய இஞ்சியைச் சர்க்கரைப் பாகில் ஊறவைத்து வடிகட்டி, அதில் கொஞ்சமும் சாதா சோடாவும் சேர்க்கலாம். எனக்கு இதுதான் பிடிக்கும், காரம் தொண்டையில் உறைக்கும்போது குடிக்கிற வேகம் தானாகக் குறைகிறது.

எந்தப் பிஸ்கோ? கெப்ராந்தா என்ற ஒரே வகைத் திராட்சையில் செய்த பூரோ, அல்லது பல திராட்சைகள் கலந்த அச்சோலாதோ. இத்தாலியா மாதிரி பூவாசம் தூக்கலான திராட்சை என்றால் இன்னும் கமகமவென்றிருக்கும், அது அவரவர் விருப்பம். மோஸ்தோ வெர்தே என்று எழுதியிருக்கும் விலை உயர்ந்த பாட்டிலை இஞ்சியில் மூழ்கடிக்காதீர்கள், அதைத் தனியாகக் குடிப்பதுதான் அதற்கு மரியாதை. நம்ம ஊர் பிராந்தியில் செய்யலாமா என்று நண்பர்கள் கேட்பார்கள். செய்யலாம், ஆனால் அது சில்கானோ ஆகாது. இந்தியாவில் மலிவு விலையில் விற்கும் பிராந்தியில் பெரும்பாலும் கரும்புச் சர்க்கரை எடுத்தபின் மிஞ்சும் பாகில் (மொலாசஸ்) வடித்த ஸ்பிரிட்டும் கேரமல் நிறமும்தான் இருக்கிறது. வீரியம் 42.8 சதவீதம், ஆகவே மேலே போட்ட கணக்கு அதற்கும் அப்படியே பொருந்தும்.

லிமாவிலோ இகாவிலோ சுற்றிப் பார்க்கப் போகிறவர்கள் சாலையோரத்தில் லேபிள் இல்லாத பாட்டிலில் "வீட்டில் வடித்தது" என்று விற்றால் வாங்காதீர்கள். பாட்டிலைக் குலுக்கி, எழும் குமிழிகள் சங்கிலியாக நிற்கிறதா என்று பார்த்துத் தரம் சொல்லும் பழைய வழக்கம் பெருவில் உண்டு, கடைக்காரர் அதை ஆசையாகச் செய்தும் காட்டுவார். அந்தக் குமிழி மெத்தனாலைக் கண்டுபிடிக்காது. நாக்கும் மூக்கும்கூடக் கண்டுபிடிக்காது. மெத்தனால் என்ன செய்யும் என்று கள்ளக்குறிச்சிக்குப் பிறகு தமிழ்நாட்டில் யாருக்கும் விளக்க வேண்டியதில்லை, 2024 ஜூனில் அங்கே 60க்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். லிமாவிலும் 2022 செப்டம்பரில் கலப்பட மதுவால் பலர் இறந்தார்கள். குடித்த மறுநாள் பார்வை மங்கினாலோ மூச்சு வாங்கினாலோ அதை ஹேங்ஓவர் என்று படுத்துக்கொள்ளாமல் உடனே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்.

பொலிவியாவில் இதன் உறவுக்காரன் ஒருவன் உண்டு, சுஃப்லாய். அங்கே சிங்கானி என்ற பிராந்தி, 1,600 மீட்டருக்கு மேல் விளையும் மஸ்கட் திராட்சையில் செய்தது, கூடவே ஜிஞ்சர் ஏலும் எலுமிச்சையும். அருமையான பானம், ஆனால் அதைக் குடிக்கும் ஊர் லா பாஸ் என்றால் நீங்கள் நிற்பது கிட்டத்தட்ட 3,600 மீட்டரில், பெருவின் குஸ்கோவும் 3,400 மீட்டர் உயரம். அந்த உயரத்தில் முதல் இரண்டு நாள் குடிக்காமல் இருக்கத்தான் மருத்துவர்கள் சொல்கிறார்கள். தலைவலி, குமட்டல், தூக்கமின்மை எல்லாம் உயரத்தால் வந்ததா குடியால் வந்ததா என்று பிரித்துப் பார்க்க முடியாமல் போகிறது, அதற்குள் உடம்பு மோசமாகிவிடும்.

குடிக்கும்போது கூடச் சாப்பிடுங்கள். பெரு பார்களில் கான்ச்சா என்று உப்புப் போட்டு வறுத்த சோளத்தைக் கிண்ணத்தில் வைப்பார்கள், அது சாப்பாடு ஆகாது, உப்பு இன்னும் தாகத்தைத்தான் கூட்டும். எலுமிச்சைச் சாற்றில் ஊறிய பச்சை மீனான செவிச்சே மாதிரி வயிற்றில் நிற்கும் ஏதாவது வேண்டும், பக்கத்தில் ஒரு டம்ளர் தண்ணீரும். ஐஸ் பாதி கரைந்த கிளாஸிலேயே மேலே மேலே ஊற்றி நிரப்பிக் கொடுக்கச் சொன்னால் நான் கொடுப்பதில்லை. ஒவ்வொன்றும் புதுக் கிளாஸில்தான், அப்போதுதான் இது எத்தனையாவது என்று அவருக்கும் தெரியும் எனக்கும் தெரியும். வாயு கலந்த பானம் பலருக்குச் சீக்கிரம் ஏறும், சர்க்கரை இல்லாத டயட் பானத்தோடு கலந்தால் இன்னும் சீக்கிரம். ஏறியது இறங்க நேரம் எடுக்கும். கல்லீரல் மணிக்குச் சுமார் 7 முதல் 10 கிராம்தான் கரைக்கும், ஆக ஒரு சில்கானோவுக்கே இரண்டு மணி நேரம் அல்லது அதற்கு மேல். மறுநாள் காலை மீன் தலை போட்டுக் கொதிக்கவைத்த சூப் குடித்தால் தெளியும் என்பது பெருக்காரர்களின் நம்பிக்கை. உப்பும் தண்ணீரும் உடம்புக்கு இதமாக இருக்கும், ரத்தத்தில் இருக்கும் ஆல்கஹாலை அது தொடாது. வண்டி ஓட்டுகிறவர்களுக்குச் சட்ட வரம்பு பெருவில் லிட்டருக்கு 0.5 கிராம், சிலேயில் 0.3, இந்தியாவிலும் அதேதான், 100 மில்லி ரத்தத்தில் 30 மில்லிகிராம். வரம்புக்குள் இருக்கிறேனா என்று மனக்கணக்குப் போடுவதைவிடச் சாவியை வேறு ஒருவரிடம் கொடுத்துவிடுவது நல்லது.

கர்ப்பிணிகள், கல்லீரல் பிரச்சினை உள்ளவர்கள், தூக்க மாத்திரையோ மெட்ரோனிடசோல் மாதிரி மருந்தோ எடுப்பவர்கள், இன்சுலின் போடுகிறவர்கள் இவர்களுக்கு ஒரு கிளாஸும் பாதுகாப்பு என்று நான் சொல்ல மாட்டேன். பாதுகாப்பான அளவு என்று எதுவுமே இல்லை என்று உலக சுகாதார நிறுவனம் 2023 ஜனவரியில் எல்லாருக்குமே சொல்லிவிட்டது. மேசையில் மற்றவர்கள் எல்லாம் உயரமான கிளாஸோடு இருக்கும்போது இவர்களுக்கு மட்டும் ஒரு கோலா டின்னை நீட்டுவது எனக்குப் பிடிக்காது. அதே கிளாஸ், அதே ஐஸ், எலுமிச்சை, கொஞ்சம் கூடுதலாக இஞ்சிச் சாறு, ஜிஞ்சர் ஏல், ஓரத்தில் எலுமிச்சை வில்லை. பிட்டர்ஸ் மட்டும் விட மாட்டேன். அந்தச் சின்னப் பாட்டிலில் இருப்பதும் 44.7 சதவீத ஆல்கஹால்தான், சொட்டு அளவில் அது பெரிதாக ஒன்றும் செய்யாது என்றாலும், வேண்டாம் என்று சொன்னவருக்கு அதையும் சொல்லாமல் ஊற்றுவது சரியில்லை.