"அந்தக் காலேஜ் எந்த யுனிவர்சிட்டியில அஃபிலியேட் ஆகியிருக்கு?"

ஏப்ரல் வந்தாலே இந்தக் கேள்வியும் வந்துவிடும். "மேடம், பையனுக்கு அமெரிக்காவுல ரெண்டு இடத்துல அட்மிஷன் கிடைச்சிருக்கு. ஒண்ணு பெரிய யுனிவர்சிட்டி, இன்னொண்ணு ஏதோ சின்ன காலேஜ். அது எதுல அஃபிலியேட் ஆகியிருக்கு?" இந்த வருடம் ஒரு அப்பா இன்னும் ஒரு படி மேலே போனார். உலகப் பல்கலைக்கழகங்களை வரிசைப்படுத்தும் க்யூஎஸ் தரவரிசையில் பெயரே இல்லை, அப்படியென்றால் டுபாக்கூர் கல்லூரிதான் என்று அவரே முடிவு செய்துகொண்டு, மகளின் செலவில் பெரும்பகுதியை ஏற்க முன்வந்த கல்லூரிக்கு வேண்டாம் என்று பதில் எழுதி, ஒரு டாலர்கூடக் குறைக்காத பெரிய பல்கலைக்கழகத்துக்கு முன்பணமும் கட்டிய பிறகுதான் என்னிடம் வந்தார். ஆலோசகர் என்பதால் அவரிடம் பொறுமையாகத்தான் பேசினேன். இங்கே கொஞ்சம் சத்தமாகவே சொல்கிறேன்.

அமெரிக்காவில் இணைப்புக் கல்லூரி முறை கிடையாது. அண்ணா பல்கலைக்கழகம் பாடத்திட்டம் போட்டு, கேள்வித்தாள் அனுப்பி, பட்டமும் கொடுக்க, நடுவில் கல்லூரி பாடம் மட்டும் நடத்துகிற ஏற்பாடு நம்முடையது. அங்கே வில்லியம்ஸ், ஆம்ஹர்ஸ்ட், கிரின்னெல் போன்ற 'லிபரல் ஆர்ட்ஸ்' கல்லூரிகள் (கலை, அறிவியல் இரண்டையும் இளநிலையில் கற்பிக்கும் சின்னக் கல்லூரிகள்) பாடத்திட்டத்தைத் தாங்களே வகுத்து, தாங்களே மதிப்பெண் போட்டு, தங்கள் பெயரிலேயே பட்டம் தருகின்றன. வில்லியம்ஸ் 1793-இல் தொடங்கியது, நம் சென்னைப் பல்கலைக்கழகத்துக்கு அறுபது வருடத்துக்கு மேல் மூத்தது. ஹார்வர்டுக்கு அங்கீகாரம் தருகிற அதே நியூ இங்கிலாந்து (அமெரிக்காவின் வடகிழக்கு மாநிலங்கள்) அமைப்புதான் ஆம்ஹர்ஸ்டுக்கும் தருகிறது. மேலே யாரும் இல்லை, கீழே யாரும் இல்லை. இதை எத்தனை தடவை சொன்னாலும், "சரி மேடம், ஆனா மெயின் யுனிவர்சிட்டி எது?" என்று திரும்பக் கேட்பவர்கள் இருக்கிறார்கள்.

அப்புறம் அந்த க்யூஎஸ் பட்டியல். அது பெரும்பாலும் ஆராய்ச்சிப் பல்கலைக்கழகங்களை அளக்கிற அளவுகோல். முதுநிலைப் படிப்பே பெரிதாக இல்லாத, இரண்டாயிரம் பேர் படிக்கிற கல்லூரியை அதில் தேடி என்ன பயன்? அமெரிக்கப் பட்டியல்களிலேயே இந்தக் கல்லூரிகளுக்குத் தனி வரிசை உண்டு.

"லிபரல் ஆர்ட்ஸ்னா ஆர்ட்ஸ் காலேஜ்தானே, சயின்ஸ் இருக்காதே" என்பது அடுத்தது. 2020-இல் வேதியியல் நோபல் பெற்ற ஜெனிஃபர் டவுட்னா இளநிலை படித்தது போமோனா கல்லூரியில். 1989-இல் அதே பரிசைப் பெற்ற தாமஸ் செக் படித்தது கிரின்னெலில். இன்டெல்லைத் தொடங்கிய இருவரில் ஒருவரான ராபர்ட் நாய்ஸும் கிரின்னெல்தான். ஆய்வகத்தில் முனைவர் பட்ட மாணவர்கள் இல்லாததால் பேராசிரியருக்குக் கைவேலை செய்ய இளநிலைப் பிள்ளைகளை விட்டால் ஆள் இல்லை; ஆராய்ச்சி அவர்கள் கைக்கே வருகிறது, காரணம் அவ்வளவுதான். வில்லியம்ஸில் 'டுடோரியல்' என்று ஒரு வகுப்பு முறை உண்டு: ஒரு பேராசிரியர், இரண்டு மாணவர்கள். ஒரு வாரம் ஒருவர் கட்டுரை எழுதி வாசிக்க மற்றவர் அதைக் கிழித்துத் தொங்கவிட வேண்டும், அடுத்த வாரம் இடம் மாறும். படிக்காமல் போனால் ஒளிந்துகொள்ள முன்வரிசைத் தலைகூட இருக்காது.

எல்லாப் பிள்ளைக்கும் சின்னக் கல்லூரிதான் சரி என்று நான் சொல்லவே இல்லை. பொறியியல்தான் வேண்டும் என்றால் ஸ்வார்த்மோர், ஸ்மித், ஹார்வி மட் போலச் சிலவற்றை விட்டால் பெரும்பாலான இடங்களில் அந்தத் துறையே கிடையாது. கணினியில் நீங்கள் கேட்கும் சிறப்புப் பாடம் சில இடங்களில் இரண்டு வருடத்துக்கு ஒருமுறைதான் வரும். கிரின்னெல் இருப்பது அயோவா மாநிலத்தில் ஒரு சிற்றூரில். ஜனவரிக் குளிரில் அங்கே தனியாக இருக்க முடியுமா என்று பிள்ளையிடம் கேளுங்கள், உங்களிடம் அல்ல.

ஆனால் பெரிய இடத்தைத் தேர்ந்தெடுப்பவர்கள் அட்மிஷன் கடிதத்தை முழுதாகப் படிப்பதே இல்லை, இதுதான் என் பெரிய ஆதங்கம். பல்கலைக்கழகத்தில் இடம் கிடைப்பது வேறு, துறையில் இடம் கிடைப்பது வேறு. இல்லினாய் அர்பானா-ஷாம்பெய்ன் போன்ற இடத்தில் வேறு பிரிவில் நுழைந்து, "உள்ளே போய் கம்ப்யூட்டர் சயின்ஸுக்கு மாறிக்கலாம்" என்று எந்தச் சொந்தக்காரர் சொன்னாலும் நம்பாதீர்கள்.

பண விஷயம். சின்னத் தனியார் கல்லூரியின் அறிவிப்புக் கட்டணம் விடுதி, சாப்பாடு எல்லாம் சேர்த்துப் பல இடங்களில் ஆண்டுக்கு 80,000 டாலரைத் தாண்டும், அதைப் பார்த்துப் பயந்து விண்ணப்பிக்காமலே விடுகிறார்கள். உதவி தருவதும் பெரும்பாலும் அவர்கள்தான். அரசுப் பல்கலைக்கழகங்கள் வெளிநாட்டு இளநிலை மாணவருக்கு அதிகம் தருவதில்லை. ஆம்ஹர்ஸ்ட், போடின் போன்ற வெகு சில கல்லூரிகள் வெளிநாட்டு மாணவரின் குடும்ப வருமானத்தைப் பார்க்காமல் இடம் தருகின்றன, மற்றவை பார்க்கும். கௌரவம் பார்த்து முதலில் விண்ணப்பத்தில் "உதவி வேண்டாம்" என்று போட்டுவிட்டு இரண்டாம் வருடம் போய்க் கேட்டால் பல இடங்களில் கதவு மூடியிருக்கும்.

வேலை அனுமதியும் கல்லூரியின் அளவைப் பார்த்து வருவதில்லை. படிப்பு முடிந்து 12 மாதம் எல்லோருக்கும், ஸ்டெம் (அறிவியல், தொழில்நுட்பம், பொறியியல், கணிதம்) படிப்பென்றால் மேலும் 24 மாதம். அதை முடிவு செய்வது, மாணவர் விசாவுக்காகக் கல்லூரி தரும் ஐ-20 படிவத்தில் இருக்கும் சிஐபி எண், அதாவது படிப்பின் வகையைக் குறிக்கும் எண். பொருளாதாரம் 45.0601 என்று இருந்தால் அந்த 24 மாதம் கிடையாது, 45.0603 என்று இருந்தால் உண்டு. இரண்டு கல்லூரிக்கும் ஒரு மின்னஞ்சல் போட்டு எண்ணைக் கேளுங்கள்.

கூடவே இதையும் கேளுங்கள்: முதல் வருடக் கணக்கு வகுப்பில் எத்தனை பேர், விடைத்தாளைத் திருத்துவது யார், நான்கு வருடத்துக்கும் உதவித்தொகை உறுதியா, கட்டணம் ஏறினால் அதுவும் ஏறுமா. எந்த இடம் என்று முடிவு சொல்லப் பெரும்பாலும் மே 1 வரை அவகாசம் இருக்கிறது. தயவுசெய்து இரண்டு இடத்திலும் முன்பணம் கட்டி வைத்துவிட்டு ஆகஸ்டில் பார்த்துக்கொள்ளலாம் என்று மட்டும் நினைக்காதீர்கள். தெரியவந்தால் இரண்டு இடமும் கைவிட்டுப் போகலாம், அடுத்த வருடம் அதே பள்ளியிலிருந்து விண்ணப்பிக்கும் பிள்ளையும் அதற்குப் பதில் சொல்ல வேண்டிவரும்.