ட்ரோன் கூட்டமும் பேட்டரிக் கணக்கும்

விமானப்படையின் தளவாடப் பிரிவில் பணியாற்றி ஓய்வு பெற்ற நான், இப்போது குமரி மாவட்டத்துப் பூதப்பாண்டிப் பக்கத்து வயல்களில் கும்பப்பூ என்னும் இரண்டாம் பருவ நெல்லுக்கு ட்ரோன் கொண்டு மருந்து தெளித்து வருகிறேன். நூறு ட்ரோன்கள் வானில் அணிவகுக்கும் காணொளியைக் காட்டி, இனிப் போர் விமானம் எதற்கு என்று கேட்கும் இளைஞர்களிடம், அத்தனைக்கும் சார்ஜ் ஏற்றுவது யார், எங்கே என்றுதான் நான் திருப்பிக் கேட்கிறேன்.

மருந்துச் சுமையோடு ஒரு ட்ரோன் பத்துப் பதினைந்து நிமிடம்தான் தாங்கும் என்பதால், அந்த ஒன்றுக்காகவே நான்கைந்து செட் பேட்டரியும் ஒரு ஜெனரேட்டரும் வண்டியில் வர வேண்டியிருக்கிறது. தேங்காய்ப்பட்டணத்திலிருந்து ஆழ்கடலுக்குப் போகும் விசைப்படகுக்காரர்கள் டீசலையும் ஐஸையும் எண்ணிய பிறகே எத்தனை நாள் தங்கல் என்று முடிவு செய்வதைப் போன்றதுதான் இதுவும். இதையே 100 ட்ரோன்களுக்குப் பெருக்கிப் பாருங்கள். ஒவ்வொன்றும் 500 வாட் மணி பேட்டரியில் 20 நிமிடம் பறப்பதாகக் கொண்டால், கூட்டம் முழுவதையும் இடைவிடாமல் வானில் நிறுத்த, இழப்புகள் நீங்கலாகவே 150 கிலோவாட் மின்சாரம் வேண்டும். சார்ஜ் ஏற ஒரு மணி நேரமும் சூடு தணிய 20 நிமிடமும் பிடித்தால், 500 பேட்டரிகள் சுழற்சியில் இருக்க வேண்டும். உடையும் இறக்கைகளும் உப்புக்காற்றில் அரிக்கும் இணைப்புகளும் இதில் சேரவில்லை. ஆரல்வாய்மொழிக் கணவாயில் காற்றுக் காலத்தில் பறந்தால் அந்த 20 நிமிடமும் கிடைக்காது.

அடுத்தது தூரம். 2025 ஜூன் 1 அன்று உக்ரைன் நடத்திய ‘சிலந்தி வலை’ தாக்குதலில் 117 சிறு ட்ரோன்கள் ரஷ்ய விமானத் தளங்களின் மீது ஏவப்பட்டன. தாக்கப்பட்ட பெலாயா தளம் உக்ரைனிலிருந்து 4,000 கிலோமீட்டருக்கும் அப்பால் இருக்கிறது. அவ்வளவு தூரத்தைக் கடந்தவை லாரிகள். மரக் கூண்டுகளுக்குள் மறைத்து ஏற்றப்பட்ட ட்ரோன்கள், தளங்களின் அருகே கூரை திறந்த பிறகே பறந்தன. ஒன்றரை ஆண்டுக்கு மேல் நீண்ட அந்த ஏற்பாட்டின் பெரும்பகுதி, என் கண்ணுக்குத் தளவாட வேலையாகத்தான் தெரிகிறது.

நம் இராணுவமும் 2021 ஜனவரி 15 அன்று, இராணுவ நாள் அணிவகுப்பில் 75 ட்ரோன்களின் கூட்டத்தைக் காட்டியது. அணிவகுப்புக்கு நாள் குறித்திருப்பார்கள். போருக்கு யார் குறிப்பது? லித்தியம் பேட்டரியை முழுதாக ஏற்றியே வைத்திருந்தால் நாளடைவில் உப்பி ஆயுள் குறையும், செல்லுக்கு 3.8 வோல்ட் என்ற அரை நிலையில் வைத்தால் அவ்வளவு விரைவில் கெடாது, ஆனால் ஆணை வந்த பிறகு மறுபடி ஏற்றக் காத்திருக்க வேண்டும். என் கொட்டகையிலுள்ள ஆறு பேட்டரிகளுக்கு, தெளிப்பு முடிந்ததும் அரை நிலையைத் தயங்காமல் தேர்ந்துகொள்கிறேன், ஏனென்றால் அடுத்த பூவுக்கு, அதாவது அடுத்த நெல் பருவத்துக்கு, மாதக்கணக்கில் நேரமிருக்கிறது.