ஹாம் ரேடியோ லைசென்ஸ்: தேர்வில் என்ன கேட்பார்கள், அந்தச் சொற்கள் எங்கிருந்து வந்தன?

மொட்டை மாடியில் ஒரு கம்பியைக் கட்டி, சொந்தமாக ஒரு டிரான்ஸ்மிட்டர் வைத்து, இந்தோனேசியாவிலோ இத்தாலியிலோ இருக்கும் முன்பின் தெரியாத ஒருவரோடு பேச அரசே லைசென்ஸ் தருகிறது. பொழுதுபோக்காக நடத்தும் இந்த அமெச்சூர் வானொலிதான் ஹாம் ரேடியோ; அதை நடத்துபவரையும் ஹாம் என்பார்கள். வயது 12 நிறைந்த இந்தியக் குடிமக்கள் யாரும் விண்ணப்பிக்கலாம். பட்டப்படிப்பு தேவையில்லை. ஒரு தேர்வு எழுத வேண்டும், அவ்வளவுதான். இப்படி ஒரு வாய்ப்பு இருப்பதே நம் ஊரில் பலருக்குத் தெரியாது. தெரிந்தவர்களிலும் பாதிப் பேர் பாடத்திட்டத்தைப் பார்த்துவிட்டு, "இது என்ன மந்திரம் மாதிரி எழுத்தும் எண்ணுமாக இருக்கிறதே" என்று பின்வாங்கிவிடுகிறார்கள். அவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். அந்த எழுத்துகளின் கதை தெரிந்துவிட்டால் தேர்வின் பாதி சுமை இறங்கிவிடும்.

முதலில் தேர்வைப் பார்த்துவிடலாம். அமெச்சூர் ஸ்டேஷன் ஆப்பரேட்டர் சர்டிஃபிகேட், சுருக்கமாக ஏ.எஸ்.ஓ.சி. என்பது இதன் பெயர். மத்தியத் தொலைத்தொடர்புத் துறையில் அலைவரிசைகளை நிர்வகிக்கும் டபிள்யூ.பி.சி. பிரிவு இதைக் கவனிக்கிறது. அடிப்படை விதிகள் 1978-இல் வந்தவை. பிறகு திருத்தங்கள் நடந்திருக்கின்றன. லைசென்ஸ் இரண்டு நிலைகளில் கிடைக்கும். ஒன்று ரெஸ்ட்ரிக்டட் கிரேடு, மற்றொன்று ஜெனரல் கிரேடு. ரெஸ்ட்ரிக்டடுக்கு 50 வாட் வரை அனுமதி, ஜெனரலுக்கு 400 வாட் வரை. ரெஸ்ட்ரிக்டட் வாங்கியவரின் அழைப்புக் குறி (காற்றில் அவரை அடையாளம் காட்டும் எழுத்தும் எண்ணும்) வி.யு.3 என்று தொடங்கும், ஜெனரலுக்கு வி.யு.2.

எழுத்துத் தேர்வில் இரண்டு பகுதிகள். முதல் பகுதி ரேடியோ தொழில்நுட்பம், இரண்டாவது விதிமுறைகள். ரெஸ்ட்ரிக்டடில் தேற ஒவ்வொரு பகுதியிலும் 40 சதவீதமும், மொத்தத்தில் 50 சதவீதமும் வேண்டும். இரண்டிலும் 45, 45 எடுத்தால் தேற முடியாது என்பதைக் கவனியுங்கள்; ஒன்றில் 40 வந்தால் மற்றதில் 60 வந்தாக வேண்டும். ஜெனரலுக்குப் பகுதிக்கு 50, மொத்தத்தில் 55. அதோடு, குறுகிய ஒலியாலும் நீண்ட ஒலியாலும் எழுத்துகளை அனுப்பும் மோர்ஸ் முறையில் ஒரு தேர்வும் உண்டு. நிமிடத்துக்கு 8 சொற்கள் அனுப்பவும் வேண்டும், கேட்டு எழுதவும் வேண்டும். ஒரு சொல்லுக்கு ஐந்து எழுத்து என்பது கணக்கு. அப்படியானால் நிமிடத்துக்கு 40 எழுத்து, ஓர் எழுத்துக்கு ஒன்றரை விநாடி. தினமும் கால் மணி நேரம் கேட்டுப் பழகினால் சில மாதங்களில் கைக்கு வந்துவிடும். மோர்ஸ் வேண்டாம் என்பவர்கள் ரெஸ்ட்ரிக்டடில் தொடங்கி, பிறகு ஜெனரலுக்குப் போகலாம். என் யோசனையும் அதுதான்.

தொழில்நுட்பப் பகுதியைப் பார்த்துப் பயப்பட ஒன்றுமில்லை. ஓம் விதி, மின்தேக்கி, டையோடு, டிரான்சிஸ்டர், மாடுலேஷன், ஆன்டெனா என்று பெரும்பாலும் பள்ளி இயற்பியல்தான். ஒரு கணக்கை மட்டும் கையோடு போட்டுப் பாருங்கள். 143-ஐ மெகாஹெர்ட்ஸ் எண்ணால் வகுத்தால் அரை அலை டைபோல் ஆன்டெனாவின் நீளம் மீட்டரில் கிடைக்கும். 7.1 மெகாஹெர்ட்ஸுக்கு ஏறக்குறைய 20 மீட்டர். அதை நடுவில் வெட்டி, பக்கத்துக்குப் பத்து மீட்டராக இழுத்துக் கட்ட வேண்டும். துணி காயப்போடும் கொடியைப் பார்க்கும்போதெல்லாம் இந்தக் கணக்கு நினைவுக்கு வந்துவிட்டால் நீங்கள் பாதி ஹாம் ஆகிவிட்டீர்கள்.

பலர் கோட்டை விடுவது இரண்டாம் பகுதியில்தான். விதிகள் சுலபம். கூடவே வரும் க்யூ குறியீடுகள்தான் தலையைச் சுற்றவைக்கும். க்யூ.டி.எச்., க்யூ.எஸ்.எல்., க்யூ.ஆர்.எம்., க்யூ.ஆர்.என். என்று ஒரு பட்டியலே இருக்கிறது. வெறும் மனப்பாடமாக உருப்போட்டால் தேர்வு அறையில் எல்லாம் கலந்துவிடும். எனக்குக் கலந்தது.

இவற்றுக்கு ஏன் தேவை வந்தது என்று யோசித்தால் கலக்காது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கப்பல்களில் வயர்லெஸ் வந்தது. ஒரு கப்பலில் நார்வேக்காரர், இன்னொன்றில் இத்தாலியர், கரையில் ஆங்கிலேயர். பொது மொழி இல்லை. அதனால் 1909 வாக்கில் பிரிட்டிஷ் அரசு மூன்றெழுத்துக் குறியீடுகளை வகுத்தது. 1912 லண்டன் மாநாட்டில் அது உலகப் பொதுவானது. பின்னால் கேள்விக்குறி போட்டால் கேள்வி, போடாவிட்டால் பதில். 'க்யூ.டி.எச்.?' என்றால் "நீ எங்கே இருக்கிறாய்?" 'க்யூ.டி.எச். மதுரை' என்றால் "நான் மதுரையில் இருக்கிறேன்." இதற்குள் எந்த மொழியும் இல்லை, அதனால்தான் எல்லா மொழிக்காரருக்கும் புரிகிறது. குழப்பம் வரக்கூடாது என்பதற்காக க்யூவில் தொடங்கும் அழைப்புக் குறியை எந்த நாட்டுக்கும் ஒதுக்கவில்லை. தேர்வில் அடிக்கடி இடறும் ஜோடி க்யூ.ஆர்.எம்., க்யூ.ஆர்.என். முதலாவது மற்ற நிலையங்களால் வரும் இடையூறு, இரண்டாவது இடி மின்னல் போன்ற இயற்கை இரைச்சல். 'எம்' என்றால் மனிதர் செய்யும் தொல்லை என்று நான் வைத்துக்கொண்டேன். அப்புறம் இன்னொன்று தானாக இயற்கையின் பக்கம் போய்விட்டது.

ஆபத்துக் குறிகளும் பாடத்தில் உண்டு. எஸ்.ஓ.எஸ். என்பது "எங்கள் உயிரைக் காப்பாற்றுங்கள்" என்ற ஆங்கில வாக்கியத்தின் சுருக்கம் என்று பள்ளியிலேயே சொல்லிக் கொடுத்திருப்பார்கள். அது சுருக்கமே இல்லை. மூன்று குறுகல், மூன்று நெடில், மூன்று குறுகல் என்று இடைவெளி விடாமல் வரும் ஒலி எந்த இரைச்சலிலும் காதில் தனித்து விழும் என்பதற்காக 1905-இல் ஜெர்மனி தேர்ந்தெடுத்தது. அடுத்த ஆண்டு பெர்லின் மாநாடு ஏற்றுக்கொண்டது. அந்த எழுத்துகளுக்கு வாக்கியம் பிறகுதான் ஒட்டவைக்கப்பட்டது. அதற்கு முன் மார்க்கோனி நிறுவனத்தார் பயன்படுத்தியது சி.க்யூ.டி. 1912-இல் டைட்டானிக் கப்பலிலிருந்து இரண்டுமே அனுப்பப்பட்டன. இந்த சி.க்யூ.தான் இன்று ஹாம்கள் "யாராவது இருக்கிறீர்களா, பேசலாமா?" என்று கூப்பிடும் குறி. பிரிட்டனில் கம்பி வழித் தந்தி காலத்திலேயே "எல்லா நிலையங்களும் கவனிக்க" என்ற பொருளில் அது புழக்கத்தில் இருந்தது.

விடைபெறும்போது ஹாம்கள் சொல்வது 73. "அன்பான வாழ்த்துகள்" என்று பொருள். அமெரிக்கத் தந்தி ஊழியர்கள் நீளமான சொற்களை அடித்து நேரத்தை வீணாக்காமல் எண்களாக அனுப்பிய பழக்கத்தின் மிச்சம் இது. 1850களிலேயே இருக்கிறது. நம் ஊர்த் தந்தி அலுவலகத்திலும் கல்யாண வாழ்த்துக்கு ஓர் எண், தீபாவளிக்கு ஓர் எண் என்று சுவரில் பட்டியல் தொங்கியதே, அந்த வழக்கத்தின் உறவுதான். மோர்ஸில் 73-ஐ வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள்: டா டா டிட் டிட் டிட், டிட் டிட் டிட் டா டா. பின்னாலிருந்து படித்தாலும் அதே ஒலி. முதல்முறை அதைக் காதால் கண்டுபிடித்தபோது எனக்கு உண்டான சந்தோஷத்தை இன்றும் மறக்கவில்லை.

சரி, 'ஹாம்' என்ற பெயர்? இணையத்தில் சுற்றும் கதை ஒன்று உண்டு. ஹார்வர்டில் ஹைமன், ஆல்மி, மர்ரி என்ற மூன்று மாணவர்கள் 1908-இல் ஒரு நிலையம் நடத்தினார்கள், அவர்கள் பெயர்களின் முதலெழுத்துதான் ஹாம், 1911-இல் அமெரிக்க நாடாளுமன்றத்தில் செனட்டர் வால்ஷிடம் அவர்கள் முறையிட்டார்கள் என்று போகும். கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் டேவிட் வால்ஷ் செனட்டர் ஆனதே 1919-இல். உண்மை இதைவிடச் சாதாரணமானது. கம்பி வழித் தந்தி ஊழியர்கள், தந்திச் சாவியைச் சரியாக அடிக்கத் தெரியாத அரைகுறை ஆளை 'ஹாம்' என்று திட்டினார்கள். பழைய தந்திப் பயிற்சி நூலிலேயே "திறமையற்ற ஆப்பரேட்டர்" என்று அந்தச் சொல்லுக்குப் பொருள் போட்டிருக்கிறது. வயர்லெஸ் வந்தபோது வீட்டில் செட் கட்டிய அமெச்சூர்களை அதே சொல்லால் வைதார்கள். அவர்கள் அதைத் தங்கள் பெயராகவே சூட்டிக்கொண்டார்கள்.

நம் நாட்டின் வி.யு. பற்றியும் ஒரு கதை உலவுகிறது: "வைஸ்ராய் யூனியன்" என்பதன் சுருக்கமாம். இந்திய விமானங்களில் எழுதியிருக்கும் வி.டி.க்கு "வைஸ்ராய் டெரிட்டரி" என்பார்கள். சர்வதேச மாநாடுகளில் எழுத்துகளை வரிசையாகப் பிரித்துக் கொடுத்தபோது வி வரிசையின் பெரும்பகுதி பிரிட்டிஷ் பேரரசின் நாடுகளுக்குப் போனது. கனடாவுக்கு வி.இ., ஆஸ்திரேலியாவுக்கு வி.கே., நமக்கு வி.யு. வைஸ்ராய்க்கும் இந்த எழுத்துக்கும் தொடர்பில்லை. சென்னை வானொலியின் பழைய அழைப்புக் குறி வி.யு.எம். என்பதும் இதே வரிசைதான்.

சென்னை என்றதும் ஒன்றைச் சொல்லாமல் போக முடியாது. 1924 மே மாதம் சி.வி. கிருஷ்ணசாமி செட்டி சென்னை மாகாண ரேடியோ கிளப்பைத் தொடங்கினார். ஜூலை 31-இல் அது ஒலிபரப்பியது. அகில இந்திய வானொலி என்ற பெயர் பிறக்கும் முன்பே, ஆர்வலர்கள் சேர்ந்து நடத்திய நிலையம் அது. பணமுடையால் 1927-இல் நின்றுபோனது. டிரான்ஸ்மிட்டரை மாநகராட்சியிடம் கொடுத்தார்கள். 1930-இல் மாநகராட்சி ஒலிபரப்பைத் தொடங்கியது.

விதிகளுக்கு வருவோம். காற்றில் எதைப் பேசலாம் என்பதில் சட்டம் கறாரானது. தொழில்நுட்ப விஷயங்கள் பேசலாம். தனிப்பட்ட பேச்சு என்றால், தொலைபேசிக்குக் காசு செலவழிக்கும் அளவுக்கு முக்கியமில்லாத பேச்சாக இருக்க வேண்டும். வியாபாரம், பாட்டு, செய்தி ஒலிபரப்பு எதுவும் கூடாது. மற்றவருக்காகச் செய்தி கடத்துவதும் கூடாது. இந்தக் கடைசித் தடை பேரிடரில் விலகும், அதில்தான் இந்த லைசென்ஸின் அருமை இருக்கிறது. 2004 டிசம்பரில் பாரதி பிரசாத் தலைமையில் ஹாம்கள் குழு ஒன்று அந்தமானிலிருந்து உலகத்தோடு பேச போர்ட் பிளேர் போயிருந்தது. 26-ஆம் தேதி காலை சுனாமி வந்தது. தொலைபேசிகள் செத்துப்போன தீவிலிருந்து, பொழுதுபோக்குக்காக வைத்திருந்த அந்த நிலையம்தான் நாட்கணக்கில் தகவல் கடத்தியது. "என் மகன் உயிரோடு இருக்கிறானா?" என்று கேட்டவர்களுக்கு அந்தக் கம்பி வழியாகத்தான் பதில் போனது.

இனி நடைமுறை. தொலைத்தொடர்புத் துறையின் 'சரள் சஞ்சார்' இணையதளத்தில் விண்ணப்பிக்க வேண்டும். தேர்வுக் கட்டணம் 100 ரூபாய். தேறிய பிறகு லைசென்ஸுக்குத் தனியாக விண்ணப்பம்; 20 ஆண்டுக்கு 1000 ரூபாய், வாழ்நாள் முழுக்க என்றால் 2000. பணம் கட்டும் முன் தளத்தில் அன்றைய கட்டணத்தைப் பார்த்துக்கொள்ளுங்கள். பாதுகாப்புச் சரிபார்ப்பு நடக்கும், அதனால் லைசென்ஸ் கைக்கு வர மாதக்கணக்கில் ஆகலாம். பொறுமை வேண்டும். இவை எல்லாம் இந்தியாவுக்கான விதிகள். இலங்கை வாசகர்கள் அங்குள்ள தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழுவை அணுக வேண்டும். அங்கே அழைப்புக் குறி 4எஸ் என்று தொடங்கும்.

காத்திருக்கும் காலத்தில் ஓர் 'எல்மர்' தேடிக்கொள்ளுங்கள். புதியவருக்குக் கைபிடித்துச் சொல்லித் தரும் மூத்த ஹாமை அப்படித்தான் அழைப்பார்கள். 1971-இல் அமெரிக்காவின் க்யூ.எஸ்.டி. இதழில் ராட் நியூகர்க் எழுதிய பத்தியில், எல்மர் ஃப்ரோஹார்ட் என்ற ஹாமை நன்றியோடு குறிப்பிட்டதிலிருந்து அது பொதுப்பெயர் ஆனது. உங்கள் மாவட்டத்தில் விசாரித்தால் யாராவது ஒருவர் கிடைப்பார். என் அனுபவத்தில் இவர்கள் ஆளைப் பார்த்ததும் செட்டைத் திறந்து காட்டத் தொடங்கிவிடுவார்கள்.

ஒன்று மட்டும் செய்யாதீர்கள். லைசென்ஸ் வருமுன் ஆன்லைனில் மலிவாகக் கிடைக்கிறது என்று வாக்கி டாக்கி வாங்கிவிடாதீர்கள். லைசென்ஸ் இல்லாமல் பயன்படுத்த 446.0 முதல் 446.2 மெகாஹெர்ட்ஸ் வரை குறைந்த திறன் கொண்ட செட்டுகளுக்கு விலக்கு உண்டு. விலக்கு இல்லாத அதிர்வெண்களில் அனுப்பும் கருவியை லைசென்ஸ் இல்லாமல் வைத்திருப்பதே குற்றம். இப்படிப்பட்ட கருவிகளை விற்பது குறித்து மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2025-இல் ஆன்லைன் கடைகளுக்குத் தனி வழிகாட்டுதலே போட்டிருக்கிறது. கேட்பதற்கு மட்டுமான ரேடியோவில் 7 மெகாஹெர்ட்ஸ் பக்கம் காலையில் திருப்பி, ஹாம்கள் பேசுவதைக் கேட்டுப் பழகுங்கள்.

லைசென்ஸ் வந்ததும் ஒரு நோட்டு வாங்குங்கள். லாக் புத்தகம் வைத்திருப்பது கட்டாயம். தேதி, நேரம், அதிர்வெண், எதிரில் இருப்பவரின் அழைப்புக் குறி, அவர் குரல் எவ்வளவு தெளிவு, எவ்வளவு வலு என்று கோடு போட்டுக்கொள்ளுங்கள். தெளிவுக்கு 5 வரை, வலுவுக்கு 9 வரை மதிப்பெண். பேச்சைத் தொடங்கும்போதும் முடிக்கும்போதும் உங்கள் அழைப்புக் குறியைச் சொல்ல வேண்டும். முதல் நாள் குரல் நடுங்கும். எதிரில் இருப்பவர் அதைக் கேட்டு, "புது ஆளா? நிதானமாகச் சொல்லுங்கள், 59 வருகிறீர்கள்" என்பார். அந்த 59-ஐ நோட்டின் முதல் வரியில் எழுதிவிட்டு, 73 சொல்லி முடியுங்கள்.