மேஜர், அலைடு, என்.எம்.இ., சர்டிபிகேட்: பட்டப்படிப்பில் எதற்கு என்ன மதிப்பு?

கல்லூரி விண்ணப்பத்தில் 'பி.எஸ்சி. வேதியியல்' என்று ஒரே வரிதான் இருக்கும். மூன்று வருடத்தில் எழுதும் பேப்பர்களில் வேதியியல் ஏறக்குறைய பாதிதான். மீதிப் பாதியைப் பற்றிச் சேரும்போது யாரும் கேட்பதில்லை. பி.எட்., எம்.சி.ஏ., ஆசிரியர் தேர்வு என்று போகும்போதுதான் அந்த மீதி குறுக்கே நிற்கும்.

மதுரை காமராசர் பல்கலைக்கழகத்தோடு இணைந்த கல்லூரிகளில் இளநிலைப் பட்டம் ஆறு பருவம், ஐந்து பகுதி. பார்ட் ஒன் தமிழ், அல்லது இந்தி, பிரெஞ்சு மாதிரி வேறொரு மொழி. பார்ட் டூ ஆங்கிலம். பார்ட் த்ரீயில் முதன்மைப் பாடமான மேஜர், அதற்குத் துணையான அலைடு, விருப்பப் பாடமான எலெக்டிவ். பார்ட் ஃபோரில் திறன் பாடங்கள், சுற்றுச்சூழல் கல்வி, மதிப்புக் கல்வி, வேறு துறையிலிருந்து எடுக்கும் என்.எம்.இ. (நான்-மேஜர் எலெக்டிவ்). பார்ட் ஃபைவ் என்.எஸ்.எஸ்., என்.சி.சி., விளையாட்டு போன்றவை. மாநில உயர்கல்வி மன்றத்தின் மாதிரிப் பாடத்திட்டப்படி மொத்தம் 140 கிரெடிட். அதில் மூன்றில் இரண்டு பங்குக்குச் சற்றுக் குறைவாகப் பார்ட் த்ரீக்கே போகிறது. ஒரு கிரெடிட் என்றால் வகுப்பில் 15 மணி நேரம், ஆய்வகம் என்றால் 30 மணி நேரம் என்று கணக்கு.

அமெரிக்கன் கல்லூரி, லேடி டோக், தியாகராசர், பாத்திமா போன்ற தன்னாட்சிக் கல்லூரிகளில் பாடத்திட்டம், தேர்வு இரண்டும் கல்லூரி கையில். பட்டம் மட்டும் பல்கலைக்கழகம் கொடுக்கும். அதனால் ஒரே பெயருள்ள பட்டத்துக்கு இரண்டு கல்லூரிகளில் இரண்டு விதமான அலைடு இருக்கலாம். கல்லூரி மாற நினைப்பவர்களுக்கும் இங்கேதான் சிக்கல். பாதியில் மாறினால், புதிய கல்லூரியில் முன்பே நடந்து முடிந்த பேப்பர்களைக் கூடுதலாக எழுத வேண்டிவரும்.

அலைடைக் கவனியுங்கள்

பழைய தலைமுறை ஆன்சிலரி என்று சொன்னதுதான் அலைடு. இப்போதைய பாடத்திட்டத்தில் அதையே 'ஜெனெரிக் எலெக்டிவ்' என்று போட்டிருப்பார்கள். பெயர் பார்த்துக் குழம்ப வேண்டாம். வெளிநாட்டுப் பல்கலைக்கழகங்கள் மைனர் என்கிறார்களே, அதற்கு நம் ஊரில் மிக நெருக்கமானது இதுதான். ஆனால் பட்டத்தின் பெயரில் அது வராது, மதிப்பெண் பட்டியலில் மட்டும் தெரியும். பெரும்பாலும் நாமாகத் தேர்ந்தெடுக்கவும் முடியாது. துறை எதை வைத்திருக்கிறதோ அதுதான்.

எம்.சி.ஏ. சேர்க்கையில் பெரும்பாலும் பிளஸ் டூவிலோ பட்டப்படிப்பிலோ கணிதம் படித்திருக்கிறீர்களா என்று பார்ப்பார்கள். பிளஸ் டூவில் கணிதம் இல்லாமல் பி.காம். சேர்ந்தவருக்கு, கல்லூரியில் படித்த கணிதப் பேப்பர்தான் அந்தக் கதவைத் திறக்கும். வணிகக் கணிதத்தை ஏற்பார்களா என்பதை அந்தந்த ஆண்டு சேர்க்கைக் குறிப்பேட்டில் பார்த்துக்கொள்ளுங்கள். வேதியியலுக்கு அலைடாகக் கணிதம், இயற்பியல் வைக்கும் கல்லூரியும் உண்டு, தாவரவியல், விலங்கியல் வைக்கும் கல்லூரியும் உண்டு. எம்.எஸ்சி.யில் உயிர்வேதியியல் பக்கம் போக நினைப்பவரும் இயற்பியல் வேதியியல் பக்கம் போக நினைப்பவரும் ஒரே கல்லூரியைத் தேர்ந்தெடுக்கக் கூடாது.

பி.எட். சேர்க்கையில் பார்ப்பதும் பார்ட் த்ரீதான். மேஜர், அலைடு, செய்முறை மதிப்பெண்களைச் சேர்த்துப் பொதுப் பிரிவுக்கு 50, பி.சி.க்கு 45, எம்.பி.சி.க்கு 43, எஸ்.சி., எஸ்.டி.க்கு 40 சதவீதம் வேண்டும். தமிழிலும் ஆங்கிலத்திலும் 90 வாங்கி அலைடில் 40-ஐத் தொட்டுத் தப்பித்தவர்களுக்கு இங்கே சறுக்கும். பொருளியல், வணிகவியல் படித்தவர்களுக்கு இளநிலை மட்டும் போதாது. முதுநிலை முடித்தால்தான் பி.எட். சேர முடியும். இதை மூன்றாம் வருடக் கடைசியில் தெரிந்துகொள்பவர்கள் இன்றும் இருக்கிறார்கள்.

பார்ட் ஃபோரை அலட்சியப்படுத்தாதீர்கள்

வகுப்பு, ரேங்க் எதற்கும் உதவாது என்று இதை விட்டுவிடுவார்கள். ஆனால் ஐந்து பகுதியும் முடிந்தால்தான் பட்டம். மேஜரில் முதல் வகுப்பு, சுற்றுச்சூழல் கல்வியில் அரியர் என்றால் புரொவிஷனல் சான்றிதழ் வராது.

பிளஸ் டூ வரை தமிழ் படித்துவிட்டு, மதிப்பெண் கிடைக்கும் என்று பார்ட் ஒன்னில் இந்தியோ பிரெஞ்சோ எடுத்தவருக்கு என்.எம்.இ. கிடையாது, அந்த இடத்தில் சிறப்புத் தமிழ் படிக்க வேண்டும். தமிழே படிக்காதவருக்கு அடிப்படைத் தமிழ். 2022 மார்ச்சில் தமிழக அரசு தொடங்கிய நான் முதல்வன் திறன் பயிற்சித் திட்டத்தின் பேப்பர்களும் இப்போது பாடத்திட்டத்துக்குள்ளேயே கிரெடிட்டோடு வருகின்றன. அதைத் தனிச் சான்றிதழ் படிப்பு என்று நினைத்து விட்டால் அதுவும் அரியர்தான். என்.எஸ்.எஸ். எடுத்தவர்கள் வருடம் 120 மணி நேரம் வீதம் இரண்டு வருடம், அதோடு ஏழு நாள் முகாம் ஒன்று என்பதை மறக்க வேண்டாம்.

சர்டிபிகேட், டிப்ளமோ, இரண்டாவது பட்டம்

கல்லூரிக்குள்ளேயே மாலையில் நடத்தும் டேலி, அழகுக்கலை, யோகா போன்றவை பெரும்பாலும் 30 மணி நேரத்தை ஒட்டிய மதிப்புக்கூட்டுப் படிப்புகள். கற்றுக்கொள்ள நல்லது, வேலைக்கான விண்ணப்பத்தில் ஒரு வரி கூடும். கல்வித் தகுதியாக அரசுத் தேர்வில் எண்ண மாட்டார்கள். கட்டணம் கட்டும் முன் சான்றிதழில் கையெழுத்துப் போடுவது கல்லூரியா, பல்கலைக்கழகமா, வெளியிலிருந்து வரும் பயிற்சி நிறுவனமா என்று கேளுங்கள்.

மத்திய அரசின் இணையவழிக் கல்வித் தளமான ஸ்வயத்தில் படிப்பதைக் கிரெடிட்டாக மாற்றலாம். ஆனால் துறைத் தலைவரின் அனுமதியைப் பதிவு செய்வதற்கு முன்பே வாங்க வேண்டும். படிப்பு இலவசம், தேர்வுக்குத் தனிப் பதிவு, தனிக் கட்டணம். பலர் வீடியோ முழுவதும் பார்த்துவிட்டுத் தேர்வுப் பதிவைத் தவறவிடுகிறார்கள்.

2022 ஏப்ரல் முதல் ஒரே நேரத்தில் இரண்டு பட்டம் படிக்கப் பல்கலைக்கழக மானியக் குழு (யு.ஜி.சி.) அனுமதிக்கிறது. இரண்டும் நேரடி வகுப்பு என்றால் நேரம் மோதக் கூடாது. ஒன்று தொலைநிலை என்றால், அந்தப் படிப்புக்கு யு.ஜி.சி.யின் தொலைநிலைக் கல்விப் பிரிவு அங்கீகாரம் தந்திருக்க வேண்டும்.

நான்கு வருட ஆனர்ஸ் பட்டம் பற்றியும் கேட்கிறார்கள். 2022 டிசம்பரில் யு.ஜி.சி. தந்த வரைவமைப்பில் மூன்று வருடத்துக்கு 120 கிரெடிட், நான்குக்கு 160. மைனருக்கு மூன்று வருடத்தில் 24 கிரெடிட் தனியாக உண்டு. ஒரு வருடத்தோடு நிற்பவருக்குச் சர்டிபிகேட், இரண்டு வருடத்தோடு நிற்பவருக்கு டிப்ளமோ. தமிழக அரசு இதை ஏற்கவில்லை. எனவே இங்கே காமராசர் பல்கலைக்கழகக் கல்லூரியில் இரண்டாம் வருடத்தோடு நின்றால் கையில் மதிப்பெண் பட்டியல்தான் இருக்கும், டிப்ளமோ கிடைக்காது.

பட்டத்தின் பெயர்

அரசுப் பள்ளி முதுநிலை ஆசிரியர் பணிக்கு இளநிலையும் முதுநிலையும் ஒரே பாடமாக இருக்க வேண்டும். பி.எஸ்சி. கணிதம் படித்து எம்.ஏ. ஆங்கிலம் முடித்தால் கல்லூரி சேர்த்துக்கொள்ளும், ஆசிரியர் தேர்வு வாரியம் ஏற்காது. 'பயன்பாட்டு', 'தொழில்சார்' என்று முன்னால் ஒட்டு வைத்த பட்டங்களுக்கு, மூலப் பாடத்துக்கு இணையானது என்று அரசாணை இருக்கிறதா என்று சேரும் முன்பே கல்லூரி அலுவலகத்தில் கேளுங்கள். வாய்மொழியாக 'இருக்கு தம்பி' என்றால் போதாது, அரசாணை எண்ணை வாங்குங்கள். இல்லாவிட்டால் பின்னால் இணைத்தன்மை கேட்டு நீங்களே விண்ணப்பிக்க வேண்டும். அதற்கு உங்கள் பேட்ச் படித்த பாடத்திட்டம் முழுவதும் வேண்டும். சில வருடத்துக்கொரு முறை பாடத்திட்டம் மாறிவிடுவதால், டி.சி. வாங்கப் போகும் அன்றே துறைத் தலைவர் கையெழுத்தோடு ஒரு பிரதி வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.