கம்பைல்: தொகுக்கிறதா, பெயர்க்கிறதா?

போன வாரம் பாளையங்கோட்டைலருந்து அக்கா மவன் போன் போட்டான். பைத்தான்ங்கற நிரல்மொழியோட சோர்ஸ் கோடை, அதாவது அந்த மொழியையே உண்டாக்குற மூல நிரலை எறக்கி, இலக்கண ஃபைல்ல 'எல்ஸ்'ங்கற (else) கட்டளைச்சொல் இருந்த எடத்துல 'இல்லன்னா'ன்னு இங்கிலீஷ் எழுத்துலயே அடிச்சு மாத்தியிருக்கான், ஓட்டிப்பாத்தா பழைய பைத்தானாவே இருக்காம். "ஏல, கம்பைல் பண்ணியா?"ன்னேன். எழுதுன நிரலை மெஷின் ஓட்டுற வடிவத்துக்கு மாத்துறதத்தான் கம்பைல்ங்கோம். "அது எதுக்கு மாமா"ங்கான்.

கல்லிடைக்குறிச்சி அப்பளத்த வச்சுதான் சொன்னேன். சோர்ஸ்ங்கது மாவு, நீ ஓட்டுற பைத்தான் பொரிச்ச அப்பளம், உப்பு பத்தலன்னா பொரிச்சதுல தூவி என்னத்துக்கு, மாவுல போட்டுப் பெசஞ்சு மறுபடி தேச்சுக் காயவச்சுல்லா பொரிக்கணும். பைத்தான எழுதியிருக்கது சி மொழியில, அதனால 'மேக் ரீஜென்-பெகன்'ங்கற கட்டளையக் குடுத்து, இலக்கணப்படி நிரலைப் படிச்சுப் பிரிக்கிற பார்சரைப் புதுசா உண்டாக்கிட்டு, அப்புறம் கம்பைல் பண்ண 'மேக்' அடின்னேன். அடிச்சான், பாதியில சின்டாக்ஸ் எரர்னு, அதான் இலக்கணப்பிழைன்னு, நின்னுட்டு. பின்ன? பைத்தானோட சொந்த லைப்ரரியில நெறைய பைத்தான்லயே எழுதுனது, இவன் எல்ஸைத் தூக்கிட்டான்லா, அது எழுதி வச்சது அதுக்கே வெளங்கல. எல்ஸும் இருக்கட்டும், பக்கத்துல இன்னொரு வழியா 'இல்லன்னா'வச் சேருன்னு சொன்னேன், ஓடிட்டு.

சரி, சொல்லுக்கு வருவோம். கம்பைலுக்கு மூலம் 'கம்பிலாரே'ங்கற லத்தீன் சொல், அதுக்கு அர்த்தம் கொள்ளையடிக்கிறது! அடுத்தவன் எழுதுனத அள்ளிட்டு வர்றதுன்னு ஆகி, பிறகு மரியாதையா 'பல எடத்துலருந்து சேக்குறது'ன்னு ஆயிட்டு. 1952 வாக்குல கிரேஸ் ஹாப்பர் அம்மா யுனிவாக் மெஷினுக்கு ஏ-0ன்னு ஒண்ணு செஞ்சாங்க, டேப்புல கெடந்த சின்னச்சின்ன நிரல்களைத் தேடியெடுத்து ஒண்ணாச் சேக்கும், அதனாலதான் கம்பைலர்னு பேரு. அந்த அர்த்தத்துலதான் நாமளும் 'தொகுப்பி'ங்கோம்.

ஆனா இன்னைக்கு ஜிசிசிங்கற (GCC) சி மொழிக் கம்பைலர் பண்றது சேக்குற வேலையா? சி-யில இருக்கத மெஷின் மொழிக்கு மாத்துது. மாத்துன துண்டுகள ஒண்ணாச் சேக்குறது அதுக்குப் பொறவு வர்ற லிங்க்கரோட (linker) வேலை. அதனால எனக்கு 'நிரல்பெயர்ப்பி'தான் சரின்னு படுது, தொகுப்பிய லிங்க்கருக்குக் குடுத்துரலாம்.

இதுல ஒரு விசேஷம் பாருங்க, தொல்காப்பிய மரபியல்ல வழிநூல் நாலு வகைன்னு வருது: தொகுத்தல், விரித்தல், தொகைவிரி, மொழிபெயர்த்து அதர்ப்பட யாத்தல். தொகுக்கிறது வேற பெயர்க்கிறது வேறன்னு அப்பவே பிரிச்சு வச்சுட்டாங்க. யாத்தல்னா கட்டுறது, நிரலைக் கம்பைல் பண்ணிச் சேத்து முழுசாக்குறத நாம 'பில்ட்'ங்கோம்லா, அதேதான்.

முதல்நூல ஒட்டி எழுதி கொஞ்சம் மாத்துறதுதான் வழிநூல். இந்தப் பய பண்ணி வச்சிருக்கதும் பைத்தானோட வழிநூல்தான், இப்படி ஒரு நிரலோட மூலத்த எடுத்துத் தனியா மாத்திக்கிறத இங்கிலீஷ்ல ஃபோர்க்ங்காங்க (fork), அதுக்கு இதவிட நல்ல சொல் எனக்குத் தோணல, கவை கரண்டின்னு போடுறவங்க போட்டுக்கட்டும்.