ஆன்லைன் டிகிரியா? பணம் கட்டும் முன் இதைப் படியுங்கள்

ஓசூரில் கம்பெனி வேலைக்குப் போகும் ஒரு பெண் பிளாஸ்டிக் கவரும் கையுமாக என்னைப் பார்க்க வந்தாள். உள்ளே லேமினேட் செய்த பி.ஏ. சான்றிதழ். பத்தாவதோடு படிப்பை நிறுத்தியவள், "பிளஸ் டூ வேண்டாம்மா, நேரா டிகிரி" என்று யாரோ சொன்னதை நம்பி, நைட் ஷிப்டு முடித்து வந்து தூங்காமல் மூன்று வருடம் படித்திருக்கிறாள். குரூப் 2 எழுத வேண்டும் என்பது ஆசை. எழுத முடியாது. அதை அவளிடம் சொல்ல வேண்டிய வேலை என் தலையில் விழுந்தது.

விதி ரொம்பச் சின்னது. தமிழ்நாடு அரசு வேலைக்கு டிகிரி செல்ல வேண்டுமானால் முதலில் பத்தாவது, அடுத்து பிளஸ் டூ, அப்புறம் டிகிரி. இந்த வரிசை மாறக்கூடாது. பிளஸ் டூ இல்லாமல் திறந்தநிலைப் பல்கலைக்கழகத்தில் வாங்கிய டிகிரியை அரசுப் பணிக்கு ஏற்பதில்லை என்று 18.8.2009 தேதியிட்ட அரசாணை 107 சொல்கிறது. இப்போது போய் பிளஸ் டூ பாஸ் செய்தாலும் பழைய டிகிரிக்கு உயிர் வராது, வரிசை தப்பிவிட்டதே. பிளஸ் டூ இல்லாதவர்கள் தனித்தேர்வராக அதை முடித்துவிட்டுத்தான் டிகிரி பக்கம் போக வேண்டும். பணம் வாங்குகிறவர்கள் இதை வாயைத் திறந்து சொல்ல மாட்டார்கள்.

"யுஜிசி (பல்கலைக்கழக மானியக் குழு) அங்கீகாரம் இருக்கா?" என்று கேட்பதிலும் பிரயோஜனம் இல்லை. எல்லோரும் இருக்கிறது என்பார்கள், பாதி நேரம் அது பொய்யும் இல்லை. பல்கலைக்கழகத்துக்கு அங்கீகாரம் இருக்கும், நீங்கள் சேரும் படிப்புக்கு இருக்காது. கல்லூரிக்குப் போய்ப் படிக்க அனுமதி இருக்கும், ஆன்லைனில் நடத்த இருக்காது. போன வருடம் இருந்தது, இந்த வருடம் இல்லாமல் போயிருக்கும். அண்ணாமலைப் பல்கலைக்கழகம் எவ்வளவு பழைய பெயர்! அதன் தொலைநிலைப் படிப்புகளுக்கு 2014-15 வரைதான் அங்கீகாரம் என்று 2022 மார்ச்சில் யுஜிசி அறிவித்தபோது, நடுவில் படித்தவர்கள் சான்றிதழைக் கையில் வைத்துக்கொண்டு அலைந்தார்கள். அதனால் யுஜிசியின் தொலைநிலைக் கல்விப் பிரிவு இணையதளத்தில் பல்கலைக்கழகம், படிப்பின் முழுப்பெயர், ஆன்லைனா தொலைநிலையா, எந்த வருடம், ஜனவரி சேர்க்கையா ஜூலை சேர்க்கையா என்று ஐந்தையும் ஒரே வரிசையில் பாருங்கள். ஒன்று இல்லையென்றாலும் கட்டாதீர்கள்.

முறையாக அனுமதி பெற்ற ஆன்லைன் டிகிரி நேரில் படித்த டிகிரிக்குச் சமம்தான். யுஜிசியின் 2020 ஒழுங்குமுறையிலேயே அப்படி இருக்கிறது. ஆனால் படிப்பின் பெயர் வேலை அறிவிப்பில் உள்ள பெயரோடு ஒத்துப்போகாவிட்டால், இரண்டும் சமம் என்று காட்டும் அரசாணையைக் கொண்டு வா என்பார்கள். அதைத் தேடி அலைவது தனிக் கதை. பேஷனான பெயர் கொண்ட படிப்புகளைவிடப் பழைய பி.ஏ. தமிழ், பி.காம் போன்றவை இந்த விஷயத்தில் நிம்மதி.

நர்சிங், பொறியியல், சட்டம், பார்மசி ஆகியவற்றை ஆன்லைனில் தருகிறேன் என்று யாராவது சொன்னால் எழுந்து வந்துவிடுங்கள். 2025 ஜூலை சேர்க்கையிலிருந்து உளவியலும் இந்தப் பட்டியலில் சேர்ந்துவிட்டது. பி.எட். ஆன்லைனில் கிடையவே கிடையாது. ஒரே வருடத்தில் டிகிரி என்பதைப் பற்றி நான் பேசவே விரும்பவில்லை.

ஓசூர், கிருஷ்ணகிரி பக்கம் செல்போன் கடை மாடியில்கூட 'ஸ்டடி சென்டர்' பலகை தொங்குகிறது. வெளிமாநிலத் தனியார் பல்கலைக்கழகம் தொலைநிலைப் படிப்புக்கு இங்கே மையம் திறக்கவே கூடாது. ஆன்லைன் படிப்புக்கோ மையமே தேவையில்லை. பிரான்சைஸ் கொடுப்பதற்கும் தடை. அப்படியானால் அந்த மாடியில் உட்கார்ந்திருப்பவர் யார் என்று நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள். கட்டணம் பல்கலைக்கழகத்தின் சொந்தக் கணக்குக்குப் போக வேண்டும், ஜிபேயில் யாரோ ஒருவர் பெயருக்கு அல்ல. ஒரிஜினல் மார்க் ஷீட்டைக் கொடுத்துவிட்டு வராதீர்கள். அதைத் திரும்ப வாங்க இன்னொரு கட்டணம் கேட்கும் ஆட்களைப் பார்த்திருக்கிறேன்.

2024 செப்டம்பரிலிருந்து டெப் ஐடி என்று ஒன்று, அதாவது யுஜிசியின் தொலைநிலைக் கல்விப் பிரிவில் மாணவர் எடுக்கும் எண், கட்டாயமாகிவிட்டது. முதலில் ஏபிசி ஐடி (படிப்பில் வாங்கும் கிரெடிட்டுகளைச் சேர்த்துவைக்கும் கணக்கின் எண்), அதை வைத்து டெப் ஐடி, அப்புறம்தான் சேர்க்கை. இரண்டையும் நீங்களே உங்கள் போனில் எடுங்கள். ஏஜென்ட் தன் நம்பரைப் போட்டு எடுத்தால் ஓடிபி எல்லாம் அவருக்குத்தான் போகும், நாளைக்கு அவர் பின்னால் நீங்கள் ஓட வேண்டும். எல்லாவற்றையும் தடுத்து நிறுத்துவது இனிஷியல். மார்க் ஷீட்டில் முன்னால் ஒரு எழுத்து, ஆதாரில் பின்னால் அப்பாவின் முழுப்பெயர், இரண்டும் ஒரே ஆள் என்று கம்ப்யூட்டருக்குப் புரியாது. மார்க் ஷீட்டை மாற்றப் போனால் வருடம் ஓடிவிடும், ஆதாரை மாற்றுங்கள். அதிலும் பெயரை இரண்டு முறைதான் மாற்ற முடியும் என்பதால், தாலுகா ஆபீஸ் மையத்தில் திரையைப் பார்த்து எழுத்துக்கூட்டிப் படித்த பிறகே சரி சொல்லுங்கள். "சர்வர் டவுன், நாளைக்கு வாங்க" என்பார்கள். அஞ்செட்டியிலிருந்து ஒரு நாள் கூலியை விட்டுவிட்டு வந்தவரிடமும் அதையேதான் சொல்வார்கள். கடைசித் தேதிக்கு ஒரு மாதம் முன்பே இந்த வேலையை முடித்துக்கொள்ளுங்கள்.

இப்போதுதான் பிளஸ் டூ முடித்த பெண் பிள்ளை வீட்டில் இருந்தால், ஆன்லைன் பேச்சை எடுக்கும் முன் கணக்குப் போடுங்கள். அரசுப் பள்ளியில் ஆறிலிருந்து படித்தவளுக்குப் புதுமைப்பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய், மூன்று வருடத்துக்கு 36,000 வரும். தொலைநிலை, திறந்தநிலைப் படிப்புக்கு அது கிடையாது. பையன்களுக்குத் தமிழ்ப்புதல்வனிலும் இதே கதைதான். தருமபுரி, கிருஷ்ணகிரி, ஓசூர், காரிமங்கலம் என்று அரசுக் கல்லூரிகள் இருக்கும்போது, வரும் பணத்தை விட்டுவிட்டுக் கையிலிருந்து கட்டிப் படிக்க என்ன அவசியம்? "அலைய வேண்டாம்" என்பதற்காக என்றால், பிள்ளையைக் கேட்டீர்களா?

ஷிப்டு வேலையை விட முடியாதவர், கைக்குழந்தை உள்ளவர், வேலையில் பதவி உயர்வுக்கு டிகிரி கேட்கப்படுபவர், இவர்களுக்கெல்லாம் ஆன்லைன் நல்ல வழிதான். வீட்டில் சிக்னல் எடுக்குமா என்று மட்டும் முதலில் பாருங்கள், பரீட்சை நடுவில் போன் தூக்கிக்கொண்டு மேட்டுக்கு ஓட முடியாது.

சேரும் அன்றைக்கே அந்த யுஜிசி பக்கத்தைத் தேதி தெரியும்படி பிரின்ட் எடுத்து, கட்டண ரசீதோடு ஒரே பைலில் வையுங்கள். சான்றிதழ் சரிபார்ப்பில் நாலைந்து வருடம் கழித்து அதைக் கேட்பார்கள், அன்றைக்கு அந்தப் பக்கம் அங்கே இருக்காது.