முடக்குவாதம்: வலி அடங்கிய பிறகும் மூட்டுக்குள் வேலை செய்யும் செல்கள்

"வலிதான் போய்விட்டதே டாக்டர், இன்னும் எதற்கு மாத்திரை?" முடக்குவாத நோயாளிகள் அதிகம் கேட்கும் கேள்வி இது. நியாயமான கேள்விதான். மூட்டுக்குள் எந்தச் செல் என்ன செய்கிறது என்று தெரிந்தால்தான் இதற்கான பதில் மனதில் நிற்கும்.

சரவாங்கி என்றும் அழைக்கப்படும் இந்த நோயை எலும்புத் தேய்மானம் என்று பலர் நினைத்துக்கொள்கிறார்கள். இரண்டும் வேறு. தேய்மானத்தில் காலை இறுக்கம் பெரும்பாலும் அரை மணி நேரத்துக்குள் இளகிவிடும். நடக்க நடக்க வலி கூடும். முடக்குவாதத்தில் இறுக்கம் ஒரு மணி நேரத்தையும் தாண்டும், அசைத்தால் இளகும். மணிக்கட்டு, விரல்களின் அடி மூட்டு, நடு மூட்டு என இரு கைகளிலும் வீங்கும். நகத்தை ஒட்டிய கடைசி மூட்டு பெரும்பாலும் தப்பிவிடும்.

நோய் மூட்டில்தான் தொடங்குகிறது என்பதற்கில்லை. நம் புரதங்களில் உள்ள ஆர்ஜினின் என்ற அமினோ அமிலத்தைச் சில நொதிகள் சிட்ருலினாக மாற்றுகின்றன. இது எல்லோர் உடலிலும் நடப்பதுதான். மரபணு வாகு உள்ள சிலருக்கு, இப்படி மாறிய புரதத்தை டி செல்கள் என்ற நோய் எதிர்ப்புச் செல்கள் அந்நியமாகப் பார்க்கத் தொடங்குகின்றன. அவை பி செல்கள் என்ற இன்னொரு வகை எதிர்ப்புச் செல்களைத் தூண்ட, பி செல்களில் இருந்து உருவாகும் பிளாஸ்மா செல்கள் அந்தப் புரதத்துக்கு எதிரான ஆன்டிபாடிகளைச் சுரக்கின்றன. ஆன்டி-சி.சி.பி பரிசோதனையில் நாம் தேடுவது இதைத்தான். முதல் மூட்டு வீங்குவதற்குப் பல ஆண்டுகள் முன்பே சிலரது ரத்தத்தில் இது இருக்கும். புகைப்பவர்களின் நுரையீரலில் இந்த மாற்றம் அதிகம் நடக்கிறது. ஈறு நோய்க் கிருமி ஒன்றிடமும் இதே வேலையைச் செய்யும் நொதி இருக்கிறது. மூட்டு வலிக்கு வந்தவரிடம் சிகரெட்டைப் பற்றியும் பல் ஈறுகளைப் பற்றியும் கேட்பது இதனால்தான். புகைப்பவர்களிடம் மருந்துகளும் குறைவாகவே வேலை செய்கின்றன.

ஆர்.ஏ ஃபேக்டர் என்ற இன்னொரு ரத்தப் பரிசோதனை பற்றி ஒரு வார்த்தை. அது பாசிட்டிவ் என்பதால் மட்டும் முடக்குவாதம் என்று முடிவு கட்டக் கூடாது. ஹெபடைடிஸ் சி தொற்றிலும், நோயே இல்லாத முதியவர்கள் சிலரிடமும் அது பாசிட்டிவாக வரும். ஆர்.ஏ ஃபேக்டர், ஆன்டி-சி.சி.பி இரண்டும் நெகட்டிவாக இருந்தும் நோய் இருப்பவர்கள் உண்டு. நோய் உறுதியான பிறகு இவற்றைத் திரும்பத் திரும்ப எடுப்பது வீண் செலவு. நோய் எந்த அளவில் இருக்கிறது என்பதை அந்த எண்கள் காட்டாது.

இனி மூட்டுக்குள் போவோம். ஆரோக்கியமான மூட்டுச் சவ்வின் உட்பூச்சு ஒன்றிரண்டு செல் அடுக்கு தடிமன்தான். முடக்குவாதத்தில் அது பத்து அடுக்கு வரைகூடத் தடிக்கும். புது ரத்தக் குழாய்கள் முளைக்கும். டி செல், பி செல், கிருமிகளை விழுங்கும் மேக்ரோஃபேஜ் எல்லாம் அங்கேயே குடியேறிவிடும். இவற்றில் அதிகம் கவனிக்க வேண்டியது மேக்ரோஃபேஜ். டி.என்.எஃப், ஐ.எல்-1, ஐ.எல்-6 என்ற சைட்டோகைன்களை, அதாவது அழற்சியைத் தூண்டும் சமிக்ஞைப் புரதங்களை, அது கொட்டுகிறது. ஐ.எல்-6 கல்லீரலுக்குப் போய், ரத்தப் பரிசோதனையில் அழற்சியைக் காட்டும் சி.ஆர்.பி புரதத்தைச் சுரக்க வைக்கிறது. ஹெப்சிடின் என்ற ஹார்மோனையும் கூட்டுகிறது. ஹெப்சிடின் கூடினால் உடலில் உள்ள இரும்புச்சத்து கிடங்கிலேயே பூட்டப்படும். ஆகவே மாதக்கணக்கில் இரும்பு மாத்திரை தின்றும் ஹீமோகுளோபின் ஏறாது, சோர்வும் போகாது. அழற்சி அடங்கினால் தானாக ஏறும்.

சைட்டோகைன்களால் தூண்டப்பட்ட சவ்வின் இணைப்புத் திசுச் செல்களான ஃபைப்ரோபிளாஸ்ட்கள் குருத்தெலும்பை அரிக்கும் நொதிகளைச் சுரக்கின்றன. டி செல்லும் ஃபைப்ரோபிளாஸ்டும் சேர்ந்து ராங்க்-எல் என்ற சமிக்ஞையை அனுப்ப, மேக்ரோஃபேஜின் அதே வம்சத்தைச் சேர்ந்த செல்கள் ஆஸ்டியோகிளாஸ்டாக மாறி எலும்பைக் கரைக்கின்றன. குருத்தெலும்பு மூடாத ஓரப் பகுதியில்தான் முதல் அரிப்பு விழும். எக்ஸ்ரேயில் நாம் முதலில் பார்ப்பதும் அந்த ஓரத்தைத்தான். அரித்த இடம் பழையபடி வளர்வது மிக அரிது.

தொடக்கக் கேள்விக்கான பதில் இங்கே இருக்கிறது. வலி மாத்திரை தடுப்பது புரோஸ்டாகிளாண்டின் என்ற வலிப்பொருளை மட்டும். டி செல்லும் மேக்ரோஃபேஜும் ஆஸ்டியோகிளாஸ்டும் அதைப் பொருட்படுத்துவதே இல்லை. வலியில்லாமலே எலும்பு அரிபடலாம். அறிகுறி தொடங்கிய முதல் சில மாதங்களில் சரியான மருந்தைத் தொடங்கியவர்களின் கைகளும், இரண்டு மூன்று ஆண்டுகள் வலி மாத்திரையிலேயே ஓட்டியவர்களின் கைகளும் ஒன்றுபோல இருப்பதில்லை. தவிர்த்திருக்கக்கூடிய இழப்பு என்பதால்தான் இது நெஞ்சை உறுத்துகிறது.

ஸ்டீராய்டு எல்லாச் செல்களையும் ஒரே நேரத்தில் வேகமாக அடக்கும். 1948-இல் அமெரிக்க மருத்துவர் ஃபிலிப் ஹெஞ்ச் முடக்குவாதத்துக்கு முதன்முதலில் கார்ட்டிசோன் என்ற ஸ்டீராய்டைக் கொடுத்தபோது படுக்கையில் கிடந்தவர் சில நாட்களில் எழுந்து நடந்தார். 1950-இல் நோபல் பரிசும் கிடைத்தது. ஆனால் நீண்ட நாள் எடுத்தால் எலும்பு மெலிவு, சர்க்கரை, கண்புரை என்று விலை கொடுக்க வேண்டியிருக்கும். மற்ற மருந்து வேலை தொடங்கும் வரையிலான பாலம் அது. குறைந்த அளவில் தொடங்கி, சுமார் மூன்று மாதங்களுக்குள் குறைத்து நிறுத்துவதே இலக்கு. வாரக்கணக்கில் எடுத்ததைத் திடீரென நிறுத்தாதீர்கள். உடலின் சொந்த ஸ்டீராய்டைச் சுரக்கும் அட்ரினல் சுரப்பி தூங்கிப்போயிருக்கும், ரத்த அழுத்தம் சரியும். இன்னது கலந்தது என்று தெரியாத பொடி இரண்டே நாளில் வலியை விரட்டினால், அதில் ஸ்டீராய்டு இருக்கிறதோ என்று சந்தேகப்படுங்கள்.

அடிப்படை மருந்து மெத்தோட்ரெக்ஸேட். புற்றுநோய்க்குத் தரும் அளவில் இது செல்களைக் கொல்லும். இங்கே தரும் சிறிய அளவில் அடினோசின் என்ற அமைதிப்படுத்தும் பொருளைக் கூட்டி எதிர்ப்புச் செல்களைத் தணிக்கிறது. வாரத்துக்கு 7.5 முதல் 25 மி.கி வரை. வாரத்துக்கு ஒரே ஒரு நாள். இதைத் தினமும் எடுத்துக்கொண்டு எலும்பு மஜ்ஜை முடங்கி உயிரிழந்தவர்கள் உலகெங்கும் இருக்கிறார்கள். கிழமையை முடிவு செய்து மாத்திரை அட்டையிலேயே எழுதி வையுங்கள். 2.5 மி.கி, 10 மி.கி மாத்திரைகள் நிறத்தில் ஒன்றுபோல இருக்கலாம். மருந்து வாங்கும்போது எண்ணைப் படித்துப் பாருங்கள். கூடவே தரும் ஃபோலிக் அமிலம் என்ற வைட்டமினை வேறு நாளில் எடுங்கள். வாயில் புண், காய்ச்சல், வறட்டு இருமல், புதிதாக மூச்சுத்திணறல் எது வந்தாலும் அடுத்த டோஸை நிறுத்திவிட்டு அன்றே மருத்துவரிடம் சொல்லுங்கள். சிறுநீர்த் தொற்றுக்குத் தரும் டிரைமெத்தோபிரிம் கலந்த ஆன்டிபயாடிக்கை இதோடு சேர்க்கக் கூடாது. இரண்டுமே ஃபோலேட் என்ற அதே வைட்டமினைத் தடுப்பவை. கருத்தரிக்க நினைப்பவர்கள் முன்கூட்டியே பேசி, மருந்தை மாற்றிக்கொள்ள வேண்டும். பலன் தெரிய ஆறு முதல் பன்னிரண்டு வாரம் ஆகும். மூன்றாவது வாரமே "கேட்கவில்லை" என்று விட்டுவிடாதீர்கள். ரத்த அணுக்கள், கல்லீரல், சிறுநீரகத்தைக் காட்டும் கிரியாட்டினின் சோதனைகள் முதலில் இரண்டு முதல் நான்கு வாரத்துக்கு ஒருமுறை, பிறகு இரண்டு மூன்று மாதத்துக்கு ஒருமுறை.

இது போதாதவர்களுக்குக் குறிப்பிட்ட சைட்டோகைனையோ செல்லையோ குறிவைக்கும் மருந்துகள் உண்டு. டி.என்.எஃப்-ஐத் தடுத்தால் நோய் அடங்கும் என்பதை ஆராய்ச்சியாளர்கள் மார்க் ஃபெல்ட்மனும் ரவீந்தர் மெய்னியும் லண்டனில் 1992-இல் நோயாளிகளிடம் சோதிக்கத் தொடங்கினார்கள். ஆனால் உடலில் உறங்கும் காசநோய்க் கிருமியைச் சுற்றி மேக்ரோஃபேஜ்கள் கட்டிய சுவரைத் தாங்கிப் பிடிப்பதும் அதே டி.என்.எஃப்தான். அதை எடுத்தால் சுவர் இடியும். எனவே டி.என்.எஃப்-ஐத் தடுக்கும் ஊசிக்கு முன் மார்பு எக்ஸ்ரேயும் காசநோய்த் தோல் அல்லது ரத்தப் பரிசோதனையும் ஹெபடைடிஸ் பி சோதனையும் கட்டாயம். உறங்கும் காசநோய் தெரிந்தால் அதற்கான மருந்தைத் தொடங்கிக் குறைந்தது ஒரு மாதம் கழித்தே ஊசி. ரிட்டுக்சிமாப் என்ற மருந்து பி செல்களை அழிக்கும். அதற்குப் பிறகு தடுப்பூசி சரியாகப் பிடிக்காது, ஆகவே முடிந்தவரை முன்பே போட்டுவிட வேண்டும். டோசிலிசுமாப் என்ற மருந்து ஐ.எல்-6-ஐ மறிப்பதால் தீவிரத் தொற்றிலும் சி.ஆர்.பி இயல்பாகவே காட்டலாம். அந்த எண்ணை நம்பி ஏமாறக் கூடாது.

ஒரு எச்சரிக்கை. பல மூட்டுகள் சேர்ந்து வலித்தால் நோய் கிளர்ந்திருக்கலாம். ஒரே ஒரு மூட்டு மட்டும் திடீரென வீங்கிச் சிவந்து, கூடவே காய்ச்சலும் இருந்தால் அது கிருமித் தொற்றாக இருக்கலாம். ஸ்டீராய்டு எடுப்பவர்களுக்குக் காய்ச்சல் தெரியாமலும் போகலாம். அந்த மூட்டு நீரை அன்றே ஊசியால் எடுத்துச் சோதிக்க வேண்டும். அழற்சியிலும் நியூட்ரோஃபில் என்ற வெள்ளை அணுக்கள் ஆயிரக்கணக்கில் இருக்கும். ஒரு மைக்ரோலிட்டரில் 50,000-ஐத் தாண்டினால் தொற்று என்றே கருதி நடக்க வேண்டும். கிருமிச் சோதனைக்கும் கட்டாயம் அனுப்ப வேண்டும். அதுவரை ஸ்டீராய்டைக் கூட்டாதீர்கள்.

நோய் முழுதாக அடங்கிய பிறகும் நினைவுச் செல்கள் சவ்வில் காத்திருக்கின்றன. மருந்து எல்லாவற்றையும் ஒரே நாளில் விட்டால் அவை திரும்ப அழைப்பு விடுக்கும். முதலில் ஸ்டீராய்டு நிற்க வேண்டும். பிறகு குறைந்தது ஆறு மாதம் மூட்டுகள் அமைதியாக இருந்தால், மற்ற மருந்துகளை ஒவ்வொன்றாக, அளவைக் குறைத்தோ இடைவெளியைக் கூட்டியோ இறக்கலாம். அந்த நாட்களில் காலை இறுக்கம் எத்தனை நிமிடம் என்று தினமும் குறித்து வையுங்கள். பத்து நிமிடம் நாற்பதானால், அடுத்த தேதி வரை காத்திருக்காமல் வந்துவிடுங்கள்.